கை எட்டாத பிரேக்

நான் ஓட்டுவது என் வீட்டுக்காரருடைய சைக்கிள். அவர் அதை மலைச் சைக்கிள் என்பார். கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் கடையைக் காலி செய்தபோது இவர் வாங்கி வந்தது. தடித்த சக்கரம், கியர், சரிந்த நடுக்கம்பி, குறுக்கே ஒரு கழியை வைத்துக் கட்டினதுபோல நேரான ஹேண்டில் பார். வாங்கிய வாரத்திலேயே பின்னால் கேரியரும், பின் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்துகிற ரெட்டைக்கால் ஸ்டாண்டும் போட்டுக்கொண்டார். புல்லுக்கட்டு ஏற்ற வேண்டுமே.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிற டவுன் பஸ் இங்கே வந்து திரும்பிப் போய்விடும். ஊருக்கு மேற்கே சரிவில் ஒருத்தருடைய மாந்தோப்பும் அதை ஒட்டி மரவள்ளிக் காடும் இருக்கின்றன. தோப்புக்குக் காவல், மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது, காட்டுப்பன்றி இறங்கினால் விரட்டுவது, இதெல்லாம் என் வீட்டுக்காரருடைய வேலை. எங்களுக்குச் சொந்தமாக ஒரு பசு மாடும், இந்த வீடும், அந்தச் சைக்கிளும்தான். ஒரே மகளை மணலூர்பேட்டையில் கொடுத்திருக்கிறோம்.

போன வருஷம் வெயில் காலத்தில் அவருக்கு வாதம் அடித்துவிட்டது. தோப்பிலேயே விழுந்து கிடந்தார். பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசுவார். தோப்புக்காரர் போனில் கேட்டார்: “வேற ஆளு பாக்கட்டுமாம்மா?” அவர் நல்ல மனுஷர், தன்மையாகத்தான் கேட்டார். எனக்கு ஆம்பளைகளிடம் போனில் பேசிப் பழக்கமில்லை. “நானே போறேங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் நடந்து போனேன். போய் வருவதற்குள் இங்கே வாசல் தாழ்வாரத்துக் கட்டிலில் அவர் மூத்திரத்தில் நனைந்து கிடப்பார். அதனால்தான் சைக்கிளைத் தொட்டேன். திருநாவலூர் பக்கம் எங்கள் அம்மா வீட்டில் இருந்தபோது, அறுப்பு முடிந்த வயலில் சைக்கிள் பழகியிருந்தேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, சைக்கிளும் நின்றது. ஆனாலும் உடம்பு மறக்கவில்லை. நடுக்கம்பி சரிந்திருந்ததால் புடவையோடு கால் எடுத்துப் போட முடிந்தது. கியர் ஒன்றும் புரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர்தான் சொல்லிக் கொடுத்தார். “மேடு... சின்னப் பல்லு. எறக்கம்... பெரிய பல்லு.” அவ்வளவுதான் பாடம்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார்கள். மஞ்சளாக ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து, “தாத்தா, இத அழுத்திக்கினே இருங்க. முதல் சில மாசத்துல எவ்ளோ வருதோ அதுதான். அப்புறம் கஷ்டம்” என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் பந்தை இடது கையால் எடுத்து மாட்டுக் கொட்டகை பக்கம் எறிந்தார்.

“நான் இன்னா... கொழந்தையா?”

“கை வரணும்ல?” என்றேன்.

அவர் சைக்கிளைக் காட்டினார். அதைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலை ஒட்டி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். இடது கையால் வலது கையைத் தூக்கி ஹேண்டில் பாரில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரேக்கின்மேல் போட்டார். இந்தச் சைக்கிளில் அந்தப் பக்கத்து பிரேக்தான் பின் சக்கரத்துக்கு. “சுத்து” என்றார். பெடலைக் கையால் சுற்றினேன். பின் சக்கரம் சர்ரென்று ஓடியது. அவர் பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் ஓடி ஓடித் தானாக நின்றது. “சுத்து” என்றார் மறுபடியும்.

தினமும் மத்தியானம் நான் தோப்பிலிருந்து வந்ததும் இதுதான். அவர் பிடிப்பார், நான் சுற்றுவேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். “இன்னா யக்கா, மாமா ஒக்காந்த எடத்துலயே மலைக்குப் போய்க்கினு கீறாரா?” என்பாள். அவர் அதற்குச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகப் போகும். ஒருநாள், ஆடி பிறந்து கொஞ்ச நாளில், சக்கரம் ஓடிக்கொண்டிருந்தபோது கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. சக்கரம் நிற்கவில்லை, ஆனால் தளர்ந்தது. இடது கை அவர் மடியில் இருந்தது. வலது கைதான் பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவர் சாப்பாடு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

இது வரைக்கும் நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த நேரான ஹேண்டில் பார் எனக்கு ஆகவில்லை. அது தாழ்ந்திருந்தது, முன்னால் தள்ளி இருந்தது. உடம்பு பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். தோப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப் போகும். பால் கறக்கும்போது காம்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது. குனிந்தே போவதால் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க முடியாது. ஒருநாள் இறக்கத்தில் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்ததைக் கடைசியில்தான் பார்த்தேன். புல்லுக்கட்டோடு ஓரப் பள்ளத்தில் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது, வேறு ஒன்றும் இல்லை.

பிற்பாடு அந்த ஹேண்டில் பாரை மாற்றியதற்கு இதைத்தான் எல்லாரிடமும் காரணமாகச் சொன்னேன். மகளிடமும் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் முதல் காரணம் அது இல்லை.

பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை இருக்கிறது. காலையில் நான் போகிறபோது ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறினால் தலை கீழேயும் பின்புறம் மேலேயும்தான் இருக்கும். இந்த வயதில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படிப் போகிறேன் என்று நினைத்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். ஒருத்தன் சொன்னான்: “ரேஸுடா டேய், வழிய வுடுங்கடா.” சிரித்தார்கள். இன்னொருத்தர், வயசானவர், “சும்மா கெட, பாவம்” என்றார். அந்தப் பாவம்தான் எனக்கு அதைவிடப் பொறுக்கவில்லை. அதற்கப்புறம் டீக்கடை வருகிறவரை ஓட்டுவேன், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், தாண்டி மறுபடி ஏறுவேன். வீட்டில் அவருக்கு இது தெரியாது.

லேடீஸ் சைக்கிளில் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்ப்பேன். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நேராக உட்கார்ந்து போகும். அந்த மாதிரி இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டில் துருப்பிடித்த பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று கோழிகள் அடையக் கிடந்தது. அதன் ஹேண்டில் பாரைக் கேட்டேன். அவள் கொடுத்துவிட்டாள். அதைச் சாக்கில் சுற்றி, சைக்கிளை டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்பதால் ஊரில் தெரிந்த ஒருத்தருடைய குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். வீட்டில் அவரிடம், “பிரேக்கு கட்டை தேஞ்சிட்டிருக்குது, மாத்திக்கினு வரேன்” என்று சொன்னேன். அவர் பிரேக் என்றதும் உடனே தலையாட்டினார்.

சைக்கிள் கடைக்காரருக்கு நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஆயா, இது சேராது.”

“ஏம்ப்பா?”

“இது பழைய மாதிரி. கம்பியும் கழுத்தும் ஒண்ணா ஒட்டினது, தண்டு உள்ளாற எறங்கும். உங்களுது வேற. வெளியில கவ்வி நட்டு போடறது. மாட்டு வண்டி நுகத்தடிய கொண்டாந்து டிராக்டர்ல மாட்டுன்னா எப்படி?”

நான் சாக்கை மறுபடியும் சுற்ற ஆரம்பித்தேன். அப்படியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவர், “இருங்க, இன்னா வேணும் சொல்லுங்க” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை முன்னால் நீட்டி, பிறகு பக்கத்தில் இழுத்துக் காட்டினேன்.

“ஒசரமா, பின்னாடி வளைஞ்சு வர்ற மாதிரியா? மலை சைக்கிளுக்கா? அது குனிஞ்சு ஓட்டறதுக்குன்னே செஞ்சது ஆயா.”

“நாத்து நடறப்ப குனியறேன், களை வெட்டறப்ப குனியறேன், மாட்டுக்கு அள்ளிக் கொட்டறப்ப குனியறேன். குந்தறப்ப கூடவாப்பா குனியணும்?”

நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர் உள்ளே போய் இரண்டு ஹேண்டில் பாரைக் கொண்டு வந்தார்.

ஒன்று கொஞ்சமாக மேலே எழுந்து, கொஞ்சமாகப் பின்னால் வளைந்தது. நாலு விரல் உயரம் கூடும், அவ்வளவுதான். இன்னொன்று எருமைக் கொம்பு மாதிரி. நடுவிலிருந்து மேலே போய், அங்கிருந்து இரண்டு பக்கமும் பின்னால் திரும்பி வந்தது. முதலில் சின்னதை மாட்டி என்னை உட்காரச் சொன்னார். அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் ரோட்டைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் பாரம் பாதியாகக் குறைந்தது. விழுந்து எழுந்த கைக்கும் மரத்துப் போகிற விரலுக்கும் அதுவே போதும். ஆனால் முதுகு கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது.

பிறகு கொம்பு ஹேண்டில் பாரை மாட்டினார். உட்கார்ந்தேன். கை தானாக வந்து பிடியில் விழுந்தது. முதுகு நேராக நின்றது. எதிரில் துணிக்கடை போர்டு, அதற்கு மேலே மரம், அதற்கு மேலே வானம் எல்லாம் தெரிந்தது. புடவை முந்தானையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“இதுக்கு ஒயர் பத்தாது ஆயா, பிரேக்கு ஒயர், கியர் ஒயர் எல்லாம் நீளமா மாத்தணும். செலவு ஜாஸ்தி. சின்னதுக்கு இருக்கற ஒயரே போதும்” என்றார் கடைக்காரர். “எது மாட்டட்டும்?”

நான் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். பிரேக் இருக்கிற இடத்துக்கு நேராக என் உடம்பில் கையை வைத்துப் பார்த்தேன். சின்ன ஹேண்டில் பாரில் அது இடுப்புக்கு மேலே கொஞ்சம்தான் வந்திருந்தது. இதில் மார் மட்டத்துக்கு வந்தது. கயிற்றுக் கட்டிலில் அவர் உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். தினமும் குளிப்பாட்டுகிறவள் நான். அவருடைய வலது கை தோள் மட்டத்துக்கு மேலே நிற்காது, வைத்தால் சரிந்து விழும். சின்னது என்றால் கை எட்டும். இது எட்டாது. அங்கேயே, அந்தக் கடை வாசலிலேயே தெரிந்துவிட்டது. பிறகு தெரிந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

“இதுவே இருக்கட்டும்” என்றேன்.

திரும்பும்போது நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் எதிரில் மலை முழுசாக நின்றது. அத்தனை நாள் சைக்கிளில் அதை நோக்கியே போயிருக்கிறேன், முன் சக்கரத்தையும் ரோட்டையும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. மேகம் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் எல்லை வந்ததும் டீக்கடையில் நான் இறங்கவில்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், வீட்டுத் தெரு திரும்புகிறவரை அவர் ஞாபகமே வரவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இன்னா இது?”

“கை மரத்துப் போவுதுங்க. அதான் மாத்திட்டேன்.”

“ஒசரம்” என்றார். பிறகு, “வேற... இல்லியா?”

“கடையில இதுதாங்க இருந்துச்சு.”

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிரேக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தார், சரிந்தது. வைத்தார், சரிந்தது. விரல் பிரேக்கைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்து கட்டில் சட்டத்தில் இடித்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. புதிதாக வாங்கிய பூட்டைத் திறந்து பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

கடைக்காரர் பழைய ஹேண்டில் பாரைப் பிரேக்கோடு கழற்றி என்னிடமே கொடுத்திருந்தார். மறுநாள் அதைக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினேன். கை எட்டுகிற உயரம்தான். “இதுல புடிங்க, அதே பிரேக்குதான்” என்றேன். அவர் ஒரு தரம் பிடித்துப் பார்த்தார்.

“எது நிக்கும்?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“புடிச்சா... எது நிக்கும்? சக்கரம் எங்க?”

அது சரிதான். ஒயர் இல்லாத பிரேக்கை எத்தனை அழுத்தினாலும் எதுவும் நிற்காது. அந்தப் பந்தும் இதுவும் ஒன்றுதான். அதன் பிறகு அவர் அதைத் தொடவில்லை. அதில் துண்டைக் காயப் போட்டார். நான் மத்தியானம் வந்ததும் “சுத்து” என்று சொல்கிற சத்தம் நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். தூங்கவில்லை என்று தெரியும்.

மகள் போன் பண்ணுவாள். “அப்பாவுக்கு கை எப்படிம்மா கீது?” “அப்படியேதான் கீது.” “பயிற்சி செய்யறாரா?” “செய்யறார்.” மகளிடமும் பொய் சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு போனபோது அந்தப் பயிற்சி அம்மா அவர் கையைப் பிடித்துப் பார்த்து, “போன தடவ கொஞ்சம் புடிச்சாரே” என்றார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டை மடித்து மடித்துத் துணுக்காக்கினேன். “இப்ப விட்டது அப்புறம் திரும்பி வருமாங்க?” என்று நான் கேட்டதற்கு அந்த அம்மா, “சொல்ல முடியாதும்மா. செஞ்சாலும் எல்லாருக்கும் வராது. செய்யாட்டி எப்படி வரும்?” என்றார்கள். செய்திருந்தாலும் வந்திருக்காது என்று அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மறுபாதி கூடவே வந்துவிடுகிறது.

புரட்டாசியில் ஒருநாள் சாதம் ஊட்டும்போது கேட்டேன். கேட்க நினைத்து நினைத்து அன்றைக்குத்தான் வாய் வந்தது.

“பழையதையே மாத்திடட்டுமாங்க?”

இல்லை, உனக்குக் கை மரத்துப் போகுமே என்று சொல்வார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அதுதான் உண்மை. அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “மாத்து” என்றார்.

“சரி” என்றேன்.

அந்த வாரம் கள்ளக்குறிச்சிக்குப் பழைய ஹேண்டில் பாரைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். கடை திறந்திருந்தது. கடைக்காரர், “இன்னா ஆயா, நல்லா ஓடுதா?” என்று கேட்டார். “நல்லா ஓடுதுப்பா” என்று சொல்லிவிட்டு, மார்க்கெட்டில் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கேரியரில் இருந்ததைக் கடைக்காரரும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் கடை மூடியிருந்தது என்றேன். அடுத்த தடவை கூட்டமாக இருந்தது என்றேன். சின்னதை வாங்கி மாட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் ஆகியிருக்கும். அதற்கும் மனசு வரவில்லை. நேராக உட்கார்ந்து பழகிய பிறகு குனிய முடியாது. குனிய முடியாது என்பது கூட இல்லை, மாட்டேன் என்பதுதான்.

அதனால்தான் குழி தோண்டினேன்.

சைக்கிளை நிறுத்துகிற இடத்தில், முன் சக்கரம் இறங்குகிற மாதிரி நீளமாக ஒரு குழி. முன் பக்கம் இறங்கினால் ஹேண்டில் பாரும் இறங்குமே. பின் சக்கரம் ஸ்டாண்டில் தூக்கித்தான் நிற்கும், ஓடும். தோப்பிலிருந்து கடப்பாரையைக் கொண்டு வந்து மண்ணைக் கொத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலியருகில் வந்தாள்.

“இன்னா யக்கா, சைக்கிளப் பொதைக்கப் போறியா?”

“இல்லடி, எறக்கி நிறுத்தப் போறேன்.”

“பாத்து யக்கா. மண்ணு ஈரம், மொளைச்சிடப் போவுது.”

அவள் இந்தப் பக்கம் வந்து மண்ணை முறத்தில் அள்ளிக் கொட்டிக் கொடுத்தாள். கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தோண்டி முடித்துச் சைக்கிளை இறக்கினேன். பிரேக் அவர் கைக்கு நேராக வந்துவிட்டது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவளுக்கு முன்னால் அடக்கிக்கொண்டேன். அவர் கையைத் தூக்கி வைத்தார். கை நின்றது. விரலைப் போட்டார். “சுத்து” என்றார்.

சுற்றினேன். அவர் பிடித்தார். விரல் வெறுமனே கிடந்தது. இடையில் போன நாட்களில் அந்த விரல்கள் பழையபடி ஆகிவிட்டிருந்தன. “இன்னொரு தரம்” என்று இந்தத் தடவை நான் சொன்னேன்.

அதற்கப்புறம் தினமும் செய்தோம். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் நின்றது. டப்பாவால் மொண்டு கொட்டிவிட்டுச் சைக்கிளை இறக்குவேன். அவர் கையைத் தூக்கி வைப்பார், ஆனால் சக்கரத்தைப் பார்க்க மாட்டார். முன்பு ஒரு சக்கரத்தை இரண்டு பேரும் பார்ப்போம். இப்போது நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகச் செய்கிறார் என்று புரிந்தது. குழி தோண்டியவளுக்காக.

ஒருநாள் பிரேக்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“குழி... நல்லாத்தான் கீது” என்றார். “எப்ப மாத்துவ?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு வேண்டியது கை எட்டுகிற பிரேக் மட்டும் இல்லை. தான் ஏறிப் போகிற சைக்கிளாக அது நிற்க வேண்டும். நேரான ஹேண்டில் பார் இருக்கிறவரை அது அவருடையது, நான் இரவல் வாங்கி ஓட்டுகிறேன். இந்தக் கொம்பு வந்த பிறகு அது என்னுடையது.

மழை விடட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த மாதிரி எத்தனை சொல்லிவிட்டேன். குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் அப்படியே சொன்னேன்.

“மாத்த மாட்டேங்க.”

அவர் பார்த்தார்.

“கடையில வேறயும் இருந்துச்சு. உங்க கை எட்டற மாதிரி ஒண்ணு. நான்தான் இத எடுத்தேன். அந்த டீக்கட ஆளுங்க முன்னாடி என்னால குனிஞ்சு போவ முடியலங்க. இப்பயும் முடியாது.”

நாற்பது வருஷத்துக்கு மேலாக அவரோடு இருக்கிறேன். முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததும் இல்லை. அவரும் அப்படி எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டது இது ஒன்றுதான்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். நான் சைக்கிளைக் குழியிலிருந்து ஏற்றி நிறுத்தினேன். அடுப்பு பற்றவைத்தேன். சாதம் வடித்தேன். ஊட்டினேன், சாப்பிட்டார். வாயைத் துடைத்துவிட்டபோதும் ஒன்றும் பேசவில்லை. மாட்டைக் கட்டி, விளக்குப் போட்டு, நான் கதவோரம் முந்தானையை விரித்துப் படுத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மகளிடம் சொல்லிவிடுவேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் விடிந்து நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“இந்தா.”

நின்றேன்.

“பின் சக்கரத்துல... காத்து கம்மியா கீது. கல்லு குத்திடும். புடிச்சுக்கினு போ.”

“சரிங்க” என்றேன். குனிந்து அழுத்திப் பார்த்தேன். கம்மியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, கட்டிலில் இருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடைக்குப் பக்கத்திலேயே பஞ்சர் கடை. அங்கே இறங்கிக் காற்றுப் பிடித்தேன். ஆம்பளைகள் இருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. பிறகு ஏறி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, தோப்புக்குப் போனேன். அன்றைக்கு மலை தெளிவாகத் தெரிந்தது. நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

மத்தியானம் வந்ததும் சைக்கிளைக் குழியில் இறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பின் சக்கரம் அவர் பக்கம் இருக்கும்படி நிறுத்தினேன். அவர் இடது கையை நீட்டி டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“போதும்” என்றார்.